கிட்னியில் கட்டி: ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் பயாப்சியை எவ்வளவு நம்பலாம்?

வயிற்று வலிக்கோ, கல் இருக்கிறதா என்று பார்க்கவோ ஸ்கேன் எடுக்கப் போகிறீர்கள். ரிப்போர்ட்டின் கடைசியில் எதிர்பாராத ஒரு வரி வந்து நிற்கிறது: சிறுநீரகத்தில் இத்தனை சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி. இன்று கண்டுபிடிக்கப்படும் சிறுநீரகக் கட்டிகளில் பாதிக்கு மேல் இப்படி வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிய வருபவைதான். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. நேற்று வரை ஏரியில் வலை போட்டவருக்கு இன்று "சென்னைக்குப் போங்க, பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் இருந்து கிளம்புகிறவருக்கு வழி தெரிந்ததுதான். பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை சென்ட்ரல், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இல்லையென்றால் வடசென்னையில் ஸ்டான்லி. அங்கே சி.டி. ஸ்கேனைப் பார்த்த சிறுநீரக அறுவை சிகிச்சை டாக்டர் "ஆபரேஷன் பண்ணணும்" என்கிறார். அன்று இரவு வீட்டில் ஒரு கேள்வி எழும்: "பெரியம்மாவுக்கு மார்புல கட்டி வந்தப்போ முதல்ல ஊசி போட்டு சதை எடுத்துப் பார்த்துட்டுத்தானே ஆபரேஷன் பண்ணாங்க? வாய்ப்புண்ணு வந்த சித்தப்பாவுக்கும் அப்படித்தானே? கிட்னிக்கு மட்டும் ஏன் நேரா கத்தி?"

நியாயமான கேள்வி. அதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து இரண்டு விதமான குரல்களும் வந்துவிடும். ஒன்று, "பயாப்சி பண்ணாம ஆபரேஷனுக்கு ஒத்துக்காதீங்க." இன்னொன்று, "ஊசி குத்தினா கேன்சர் உடம்பெல்லாம் பரவிடும், பயாப்சிக்கே போகாதீங்க." இரண்டுமே பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி முடிவெடுத்தால், தேவையில்லாமல் ஒரு கிட்னி போகலாம். அல்லது எடுத்திருக்க வேண்டிய கேன்சர் உள்ளேயே இருந்துவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "கிட்னி பயாப்சி" என்ற பெயரில் இரண்டு பரிசோதனைகள் உண்டு. சிறுநீரில் புரதம் போகிறது, முகம் கால் வீங்குகிறது, கிரியாட்டினின் ஏறுகிறது என்பவர்களுக்கு கிட்னியின் பொதுவான சதையில் இருந்து கொஞ்சம் எடுத்துப் பார்ப்பது ஒன்று. அதைச் சிறுநீரக மருத்துவர் சொல்வார். கட்டி இருப்பவருக்கு அந்தக் கட்டிக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி எடுப்பது இன்னொன்று. "எங்க பக்கத்து வீட்டுல கிட்னி பயாப்சி எடுத்தாங்களே" என்று யாராவது சொன்னால், அது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி மட்டும், அதுவும் பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகக் கட்டிக்கு விதிகள் முழுக்க வேறு.

கிட்னிக்கு ஏன் நேராக ஆபரேஷன்?

மார்பில் ஒரு கட்டி இருந்தால் அது சாதாரணக் கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் முதலில் ஊசி. கிட்னியில் கணக்கு தலைகீழ். அங்கே திடமான கட்டி இருந்து, சி.டி. ஸ்கேனில் கையில் மருந்து ஏற்றி எடுக்கும்போது அந்தக் கட்டி மருந்தை உறிஞ்சி வெளிச்சமாகத் தெரிந்தால், அது கேன்சராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1970 முதல் 2000 வரை ஆபரேஷன் செய்து எடுத்த 2,935 சிறுநீரகக் கட்டிகளைக் கணக்கெடுத்து 2003-இல் வெளியிட்டார்கள். அதில் கேன்சர் இல்லாதவை 12.8 சதவீதம்தான். ஆனால் அளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது வேறு படம் கிடைத்தது. 1 சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டிகளில் கிட்டத்தட்ட பாதி கேன்சர் இல்லை. 1 முதல் 4 சென்டிமீட்டர் வரை ஐந்தில் ஒன்று கேன்சர் இல்லை. 7 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சுமார் 6 சதவீதம் மட்டுமே கேன்சர் இல்லாதது.

ஆகவே, 8 சென்டிமீட்டர் கட்டியோடு வருகிறவரிடம் டாக்டர் பயாப்சி பற்றிப் பேசாமல் ஆபரேஷன் தேதி கொடுத்தால் அது அலட்சியம் இல்லை. பயாப்சியில் எந்தப் பதில் வந்தாலும் அந்தக் கட்டியை எடுக்கத்தான் போகிறார்கள். எடுத்த பிறகு முழுக் கட்டியும் பத்தாலஜி லேபுக்குப் போகும். அதைவிடப் பெரிய பயாப்சி கிடையாது. நம் ஊரில் பலர் கட்டி பெரிதான பிறகுதான் வருகிறார்கள் என்பதும் இதில் சேர்த்தி. சிறுநீரில் ரத்தம் வந்தால் "வெயில்ல நின்னது, உடம்பு சூடு" என்று இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது கடலோரத்தில் சகஜம். வலியே இல்லாமல் சிறுநீர் சிவந்து வந்தால் அது சூடு இல்லை. ஒரு முறை வந்து நின்றுபோனாலும் காட்டிவிடுங்கள்.

சி.டி. ஸ்கேனிலேயே பதில் தெரிந்துவிடும் கட்டிகளும் உண்டு. கட்டிக்குள் கொழுப்பு இருப்பது தெளிவாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் ஆஞ்சியோமையோலிபோமா என்ற சாதாரணக் கட்டி. அதற்கு ஊசி வேண்டாம். வெறும் நீர் நிறைந்த பை என்றால் 'சிஸ்ட்'. அதன் சுவர், உள்ளே இருக்கும் தடுப்புகள் இவற்றைப் பார்த்து பாஸ்னியாக் என்ற வகைப்பாட்டில் எண் போடுவார்கள். எண் ஏற ஏறச் சந்தேகம் ஏறும். நீர்ப்பைக்குள் ஊசி போடுவதை டாக்டர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். சதை சரியாகக் கிடைக்காது, உள்ளே இருப்பது வெளியே கசியவும் கூடும்.

ஊசி எப்படிப் போடுகிறார்கள்?

குப்புறப் படுக்கவோ ஒருக்களித்துப் படுக்கவோ சொல்வார்கள். அல்ட்ராசவுண்டிலோ சி.டி.யிலோ கட்டியைப் பார்த்துக்கொண்டே, முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, அதன் வழியாகப் பயாப்சி ஊசியை உள்ளே செலுத்துவார்கள். மயக்க மருந்து தேவைப்படாது. "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். ஊசி சதையை வெட்டும் சத்தம் அது. வெளியே வருவது தையல் நூல் துண்டு போல ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளச் சதை. குறைந்தது இரண்டு துண்டாவது எடுப்பது நல்ல வழக்கம். பெரிய கட்டியில் நடுப்பகுதி செத்துப்போன சதையாக இருக்கும் என்பதால் ஓரமாக எடுப்பார்கள்.

கழுத்துக் கட்டிக்கும் மார்புக் கட்டிக்கும் மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதில் வருவது தனித்தனி செல்கள். கிட்னிக் கட்டிக்கு அது போதாது. செல்கள் ஒன்றோடொன்று எப்படி அடுக்கியிருக்கின்றன என்பது பத்தாலஜி டாக்டருக்குத் தெரிய வேண்டும், அதற்குத் துண்டாகச் சதை வேண்டும். இதைக் 'கோர் பயாப்சி' என்பார்கள். ஐரோப்பிய சிறுநீரகவியல் இதழில் 2016-இல் வந்த ஒரு தொகுப்பு, 57 ஆய்வுகளில் இருந்த 5,228 பேரைச் சேர்த்துப் பார்த்தது. கோர் பயாப்சியில் கேன்சரைக் கேன்சர் என்று பிடித்தது 99.1 சதவீதம். மெல்லிய ஊசியில் 93.2. கேன்சர் இல்லாததை இல்லை என்று சரியாகச் சொன்னது கோர் பயாப்சியில் 99.7, மெல்லிய ஊசியில் 89.8.

99 என்றதும் "அப்போ எல்லாரும் எடுத்துக்கலாமே" என்று தோன்றும். இங்கேதான் நிதானிக்க வேண்டும். இந்த 99 சதவீதம், பயாப்சியில் தெளிவான பதில் கிடைத்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. பதிலே கிடைக்காதவர்கள் அதில் இல்லை.

வெறும் வலை வந்தால்?

வலை போடுகிறீர்கள், இழுத்தால் இறால் இருக்கிறது. அந்த இடத்தில் இறால் உண்டு, சந்தேகமே இல்லை. இன்னொரு நாள் அதே இடத்தில் வலை வெறுமையாக வருகிறது. இறாலே இல்லை என்று அடித்துச் சொல்வீர்களா? வலை சரியாக விழாமல் இருந்திருக்கலாம், நீரோட்டம் மாறியிருக்கலாம், கூட்டம் பத்தடி தள்ளி இருந்திருக்கலாம். பயாப்சியும் அப்படித்தான். "கேன்சர் இருக்கு" என்று வந்தால் நம்பலாம். "ஒன்றும் தெரியவில்லை" என்று வந்தால், அதை "ஒன்றும் இல்லை" என்று படிக்கக் கூடாது.

இதற்கும் எண்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2016-இல் 20 ஆய்வுகளில் இருந்து 3,113 பயாப்சிகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். பயாப்சி கேன்சர் என்று சொன்னவர்களில் 99.8 சதவீதம் பேருக்கு அது சரியாகவே இருந்தது. ஆயிரம் பேரில் இரண்டு பேருக்குத்தான் தவறு. ஆனால் சுமார் 14 சதவீதப் பயாப்சிகளில் பதிலே வரவில்லை. போதுமான சதை இல்லை, அல்லது ஊசி கட்டியைத் தொடாமல் பக்கத்தில் இருந்த நல்ல கிட்னியில் இருந்து எடுத்துவிட்டது. இப்படிப் பதில் வராமல் போய், பிறகு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குக் கேன்சர் இருந்தது. "கேன்சர் இல்லை" என்று வந்தும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கும் மேல் கேன்சர் தெரிந்தது.

இந்தக் கடைசி இரண்டு எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். ஸ்கேனைப் பார்த்தே டாக்டருக்குப் பலமாகச் சந்தேகம் இருந்தவர்கள்தான் பயாப்சிக்குப் பிறகும் ஆபரேஷனுக்குப் போனவர்கள். மற்றவர்களை விட்டுவிட்டார்கள். அதனால் கேன்சர் விகிதம் கூடத்தான் தெரியும். இருந்தாலும் சொல்லவரும் செய்தி மாறவில்லை: பதில் வராத பயாப்சியை வைத்துக்கொண்டு நிம்மதியாக ஊருக்குத் திரும்பிவிடக் கூடாது. மறுபடி ஒரு முறை எடுத்தால் ஐந்தில் நான்கு பேருக்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கனடாவின் டொரான்டோவில் சிறிய சிறுநீரகக் கட்டி உள்ளவர்களுக்கு வழக்கமாகவே பயாப்சி செய்து பார்த்து, அந்த அனுபவத்தை 2015-இல் வெளியிட்டார்கள். முதல் பயாப்சியிலேயே 90 சதவீதம் பேருக்குப் பதில் கிடைத்தது. திரும்ப எடுத்ததையும் சேர்த்தால் 94. அதில் நான்கில் ஒருவருக்கும் மேல், 26 சதவீதம் பேருக்கு, கட்டி சாதாரணமானது என்று தெரிந்து ஆபரேஷனைத் தவிர்க்க வழி பிறந்தது. வலை இழுத்தும் படகு தள்ளியும் பிழைக்கிறவருக்கு இது சின்ன விஷயம் கிடையாது. விலா ஓரம் வெட்டிச் செய்யும் ஆபரேஷன் என்றால் குறைந்தது ஆறு வாரமாவது கனமான வேலை கூடாது. பழவேற்காட்டில் பாடு முறைப்படி மீன்பிடிக்கிறவருக்குத் தன் முறை வரும் நாட்களை விட்டால், அடுத்த முறை வரும் வரை அந்த வருமானம் போனதுதான். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவருக்கு அதைவிடப் பெரிய கவலை, ஒரு கிட்னி குறைந்தால் மீதி கிட்னிமீது விழும் சுமை.

பயாப்சி சொல்லாதது இன்னொன்று உண்டு: கேன்சர் எவ்வளவு தீவிரமானது என்பது. எந்த வகைக் கேன்சர் என்பதை அது பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொல்லிவிடுகிறது. தீவிரத்தின் அளவில், அதாவது 'கிரேடு' சொல்வதில், அடிக்கடி தடுமாறுகிறது. பயாப்சியில் "கிரேடு குறைவு" என்று வந்தவர்களில் சுமார் 16 சதவீதம் பேருக்கு, கட்டியை எடுத்த பிறகு கிரேடு அதிகம் என்று தெரிந்தது. லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் காட்டிய ஒரு விஷயம் இதற்குக் காரணம் சொல்கிறது. ஒரே கிட்னிக் கட்டியின் பல இடங்களில் இருந்து சதை எடுத்து மரபணுக்களைப் பார்த்தார்கள். கண்டுபிடித்த மாற்றங்களில் 63 முதல் 69 சதவீதம் கட்டியின் எல்லா இடத்திலும் இருக்கவில்லை. ஒரு மூலையில் சாதுவாக இருக்கும் கட்டி, இன்னொரு மூலையில் வேறு குணத்தோடு இருக்கலாம். நூலளவு சதை அத்தனையையும் சொல்லிவிடாது.

ஊசி போட்டால் பரவுமா?

கிராமத்தில் அதிகம் கேட்கப்படும் பயம் இது. பயம் முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அதனால் விவரமாகப் பார்க்கலாம். ஊசி போன பாதையில் கேன்சர் செல்கள் ஒட்டிக்கொண்டு வளர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அவை மிகவும் அரிது. ஆயிரக்கணக்கான பயாப்சிகளைச் சேர்த்த தொகுப்புகளில் விரல் விட்டு எண்ணும் அளவே. இங்கிலாந்தில் இருந்து 2019-இல் வந்த ஓர் ஆய்வு, எடுத்த கட்டிகளை நுண்ணோக்கியில் உன்னிப்பாகத் தேடி, ஊசிப்பாதையில் செல்கள் இருந்த 7 பேரைப் பதிவு செய்தது. அதில் பெரும்பாலானவை பாப்பிலரி என்ற ஒரு வகைக் கேன்சர். அதனால்தான் இன்று பல இடங்களில் 'கோஆக்சியல்' முறையில் செய்கிறார்கள். முதலில் ஒரு குழல் ஊசியைக் கட்டி வரை செலுத்தி நிறுத்திவிட்டு, அதற்குள்ளேயே பயாப்சி ஊசியை விட்டு எடுப்பார்கள். எடுத்த சதை வழியில் வேறெதையும் தொடாது. "உடம்பெல்லாம் பரவிடும்" என்று ஃபார்வர்டில் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட முறை கோஆக்சியலா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியது ரத்தக் கசிவு. கிட்னிக்குள் ரத்த ஓட்டம் அதிகம். நூற்றில் ஐந்து பேருக்குச் சுற்றி ரத்தம் கட்டலாம், பெரும்பாலும் தானே கரைந்துவிடும். நூற்றில் ஒருவருக்குச் சிறுநீர் சிவந்து வரலாம். ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை ஆயிரத்தில் நான்கு பேருக்கு. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகள் சாப்பிடுகிறீர்களா? பயாப்சி தேதி போடும்போதே சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்து எடுத்தாலும் மறைக்க வேண்டாம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் நீங்களாகவே மாத்திரையை நிறுத்துவது பயாப்சியைவிட ஆபத்து. நிறுத்தச் சொல்வதும் திரும்ப ஆரம்பிக்கச் சொல்வதும் டாக்டர் வேலை. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால்தான் ஊசியே போடுவார்கள்.

அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினாலும் குப்பத்துக்கு ஓடி வரப் பார்க்காதீர்கள். காசிமேட்டிலோ ராயபுரத்திலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அன்று இரவு அங்கே தங்குவது நல்லது. சிறுநீரில் ரத்தக் கட்டிகள் வருவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, தலைசுற்றல், வலி கூடிக்கொண்டே போவது, மூச்சுத் திணறல், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ராத்திரி என்றால் 108. ஒரு வாரத்துக்குப் படகு தள்ளுவது, ஐஸ் பெட்டி தூக்குவது கூடாது. டாக்டர் வேறு கணக்குச் சொன்னால் அதுவே கணக்கு.

யாருக்கு இந்தப் பயாப்சி நிஜமாகவே உதவும்?

ஒரே ஒரு கேள்வியை டாக்டரிடம் கேளுங்கள்: "பயாப்சியில என்ன பதில் வந்தா சிகிச்சை மாறும், சார்?" எந்தப் பதில் வந்தாலும் ஆபரேஷன்தான் என்றால், நன்றி சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குத் தயாராகலாம். எந்தப் பதில் வந்தாலும் ஆபரேஷன் செய்யும் நிலையில் உடம்பு இல்லை, கவனித்துக்கொண்டு மட்டும் இருக்கப் போகிறோம் என்றாலும் ஊசி தேவையில்லை. 85 வயது பாட்டிக்கு எதற்கு வீணாக வலி? இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் பயாப்சி.

உதாரணத்துக்கு, சிறிய கட்டியை வெட்டாமல் ஊசி வழியாகச் சூடேற்றியோ உறைய வைத்தோ அழிக்கும் சிகிச்சைக்குப் போகிறவர்கள். அந்தச் சிகிச்சையில் கட்டி வெளியே வராது. பிறகு பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் முன்பே எடுத்துப் பார்க்க வேண்டும். கேன்சர் ஏற்கெனவே நுரையீரலுக்கோ எலும்புக்கோ போய்விட்டது, மருந்துதான் வழி என்றால், எந்த வகை என்று தெரியாமல் மருந்து தேர்வு செய்ய முடியாது. முன்பு வேறு உறுப்பில் கேன்சர் வந்தவருக்குக் கிட்னியில் கட்டி தெரிந்தால் அது அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். அதற்குக் கிட்னியை எடுப்பது தீர்வாகாது. லிம்போமா என்ற ரத்தம் சார்ந்த கேன்சர் கிட்னியில் கட்டிபோலத் தெரியும். அதற்கு மருந்துதான், கத்தி வேண்டாம். ஒரே கிட்னி உள்ளவர்கள், இரண்டு கிட்னியிலும் கட்டி உள்ளவர்கள் விஷயத்திலும் முன்பே தெரிந்துகொள்வது பலன் தரும்.

நம் நாட்டில் இதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். கிட்னியில் வரும் காசநோயும், நாள்பட்ட கல்லும் சீழும் சேர்ந்து உண்டாக்கும் வீக்கமும் ஸ்கேனில் கேன்சர் போலவே தோற்றம் காட்டக்கூடியவை. பல வருடமாகக் கல் இருந்தது, விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகிறது, சர்க்கரை இருக்கிறது, வீட்டில் ஒருவர் டி.பி. மாத்திரை சாப்பிட்டார், இதில் எது இருந்தாலும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு தகவல், நேராக ஆபரேஷன் என்ற முடிவை மாற்றக்கூடும். ஒரு விதிவிலக்கு: கட்டி கிட்னியின் சதையில் இல்லாமல் சிறுநீர் சேரும் குழாய்ப் பகுதியில் இருந்தால் முதுகு வழியாக ஊசி போட மாட்டார்கள். சிறுநீர் வரும் வழியாகக் குழாய் கேமரா விட்டுப் பார்ப்பார்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

சிறப்புச் சாயப் பரிசோதனை தேவைப்பட்டால் ரிப்போர்ட் வரக் கூடுதல் நாள் ஆகும். தாமதம் என்றால் மோசமான செய்தி என்று அர்த்தம் இல்லை. ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் இருக்கும். 'இன்அடிக்வேட்', 'நான்-டயக்னாஸ்டிக்' என்று இருந்தால், பதில் கிடைக்கவில்லை என்று பொருள். 'நார்மல் ரீனல் டிஷ்யூ' என்றால் ஊசி எடுத்தது நல்ல கிட்னிச் சதை. கட்டியைத் தொடவில்லை என்பதுதான் அதன் அர்த்தம், கட்டி நார்மல் என்று சந்தோஷப்படாதீர்கள். பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் வரி இதுதான். 'நெக்ரோசிஸ்' மட்டும் என்றால் செத்த சதை கிடைத்திருக்கிறது. அதுவும் பதில் இல்லை. 'ஆன்கோசைட்டிக் நியோபிளாசம்' என்று வந்தால் கொஞ்சம் சிக்கல். ஆன்கோசைட்டோமா என்ற சாதாரணக் கட்டியும், குரோமோஃபோப் என்ற கேன்சரும் சிறு துண்டில் ஒன்றுபோலவே தெரியும். இங்கே பத்தாலஜி டாக்டர் நேர்மையாக "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்கிறார். கட்டியின் அளவு, வளரும் வேகம், உங்கள் வயது இவற்றை வைத்து அடுத்த முடிவு. 'பினைன்' என்று தெளிவாக வந்து, ஸ்கேனும் அதோடு ஒத்துப்போனால் நிம்மதிப்படலாம். ஆனாலும் டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியில் மறு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். சீசன் நேரம், கை நிறைய இறால் என்று அதைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து.

கேன்சர் என்று வந்தாலும் முழுக் கிட்னியும் போகும் என்று நினைக்க வேண்டியதில்லை. 4 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிக்கு, முடிந்தவரை கட்டியை மட்டும் வெட்டியெடுத்து மீதிக் கிட்னியைக் காப்பாற்றுவதே இன்றைய வழக்கம். "பாதி கிட்னியைக் காப்பாத்த முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

போனில் வைத்திருக்க வேண்டியவை

அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனைகளுக்கும் ஆபரேஷனுக்கும் அலைச்சலைக் குறைப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி, ரேஷன் கார்டு, குடும்பத்தினரின் ஆதாரோடு திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்யலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993, கட்டணம் இல்லை. நோய் பற்றிய பொதுவான ஆலோசனைக்கு 104. ஸ்கேனில் கட்டி என்று தெரிந்த வாரமே அட்டையைச் சரிபார்த்துவிடுங்கள். ஆபரேஷன் தேதிக்கு முந்தின நாள் வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. அலுவலகம் தேடி ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

எல்லா ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து போனில் தனி ஃபோல்டரில் வையுங்கள். வீட்டில் இன்னொருவர் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும், மழையில் நனைந்த காகிதம் உதவாது. ஆனால் சி.டி. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோவை வைத்து எந்த டாக்டரும் முடிவு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஸ்கேன் எடுத்த இடத்தில் குறுந்தகடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கருத்துக் கேட்க நினைத்தால் இன்னொரு ஊசி குத்திக்கொள்ள வேண்டியதில்லை. முதலில் எடுத்த சதை மெழுகுக் கட்டியாகவும் கண்ணாடித் தகடாகவும் லேபில் பத்திரமாக இருக்கும். 'பிளாக்', 'ஸ்லைடு' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். எழுதிக் கொடுத்து அவற்றை வாங்கி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ வேறொரு மருத்துவக் கல்லூரியிலோ மறுபடி பார்க்கச் சொல்லலாம். வாங்கும்போது ஸ்லைடில் ஒட்டியிருக்கும் லேப் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கவுன்ட்டரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்து முடிந்ததும் அவற்றை முதல் லேபிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; பின்னால் மருந்து தேர்வு செய்ய அதே சதை மறுபடி தேவைப்படலாம்.